கட்டியைக் கேட்க வேண்டிய கேள்வி

மார்பில் கட்டி என்று போய், சதை டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்து வாங்கும் அறிக்கையில் எல்லோர் கண்ணும் முதலில் தேடுவது ஒரே சொல்லைத்தான். புற்றுநோய் என்று இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்று தெரிந்ததும் மீதி எழுத்துகள் மங்கிவிடும். காகிதம் மடிக்கப்பட்டுப் பைக்குள் போய்விடும். ஆனால் அந்த அறிக்கையிலோ அதற்குப் பின்னால் வர வேண்டிய இன்னொரு அறிக்கையிலோ மூன்று பெயர்கள் இருக்கும்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதோடு சேர்ந்து, இனி என்ன மருந்து, எவ்வளவு காலம் என்பதையெல்லாம் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான். புவனகிரிப் பெண்ணுக்கும் இதேதான், பாஸ்டன் நகரத்துப் பெண்ணுக்கும் இதேதான்.

மூன்றுமே ஏற்பிகள், அதாவது உடலின் தகவல்களை வாங்கிக்கொள்ளும் புரதங்கள். ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் ஏற்பிகள். பெரும்பாலும் செல்லுக்குள், உட்கருவில் இருந்து வேலை செய்பவை. இதில் புரோஜெஸ்டிரோன் ஏற்பியை மார்பகத் திசுவில் பல்லாண்டு ஆராய்ந்தவர்களில் ஒருவர் நமக்குத் தெரிந்தவர்தான். மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்து, 1958இல் 19 வயதில் கலிஃபோர்னியாவுக்குப் படிக்கப் போன சியாமளா கோபாலன். மகள் கமலா ஹாரிஸ் பெயரால் அவரை அறிந்த நம்மில் எத்தனை பேருக்கு அவருடைய ஆய்வு தெரியும்?

மூன்றாவது பெயரான ஹெர்-2 செல்லின் வெளிச்சவ்வில் நிற்பது. ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு சிறு பகுதி சவ்வுக்குள் புதைந்திருக்கும், மீதி உள்ளே இருக்கும். புற்றுநோயை உண்டாக்கும் மரபணுக்கள் பல. அவற்றில் இப்படி மேற்பரப்பு ஏற்பிகளுக்கான குறிப்பைத் தாங்கிய மரபணுக்களைத் தனியே அடையாளம் கண்டதுதான் கடந்த நாற்பது ஆண்டுப் புற்றுநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது. கடலூர் மாவட்டத்து வாசகர்களுக்காக அந்தக் கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கதையின் அடுத்த பகுதியை எழுதத் தேவையான இரண்டு பொருள்கள் சிதம்பரத்தில், அண்ணாமலைநகரில், ஒரே வளாகத்தை ஒட்டிக் கிடக்கின்றன.

எலியின் கட்டியிலிருந்து

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் வைன்பெர்க் என்பவரின் ஆய்வகத்துக்கு மும்பையிலிருந்து போய்ச் சேர்ந்தவர் லட்சுமி சரண் பாதி. கையில் எடுத்தது எலிகளின் நரம்புக் கட்டிகளை. எத்தில்நைட்ரோசோயூரியா என்ற ரசாயனத்தால் உண்டாக்கப்பட்ட கட்டிகள் அவை. அவற்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் வளரும் சாதாரண சுண்டெலிச் செல்களின் மேல் சேர்த்தார்கள். சாதாரணச் செல்கள் தட்டின் அடியில் ஒரே அடுக்காகப் பரவும், பக்கத்துச் செல்லைத் தொட்டதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். புற்று மரபணு உள்ளே நுழைந்த செல்லுக்கு அந்தக் கட்டுப்பாடு போய்விடும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியும். பல்லாயிரம் செல்கள் தட்டையாகப் படிந்திருக்க, நடுவே ஒரு குவியல் தெரிந்தால் அங்கே புற்று மரபணு புகுந்திருக்கிறது என்று பொருள்.

லட்சுமி சரண் அத்தோடு விடவில்லை. அந்தச் செல்கள் சுண்டெலிகளின் உடலில் கட்டியாக வளர்ந்தபோது, சுண்டெலியின் ரத்தம் எந்தப் புரதத்தை அந்நியமாகக் கண்டு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது என்று தேடினார். 1,85,000 டால்டன் எடையுள்ள ஒரு புரதம் சிக்கியது. 1982இல் 'செல்' ஆய்விதழில் அது வெளிவந்தது. நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டியின் பெயரிலிருந்து அந்த மரபணுவுக்கு 'நியூ' என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அவர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார்.

அதே 1982இல் உலகமே பேசியது வேறொரு மரபணுவைப் பற்றி. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றில் கண்டெடுக்கப்பட்ட 'ராஸ்' அது. அதன் புரதம் செல் சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது. வெளியிலிருந்து எதுவும் அதை எளிதில் தொட முடியாது. ராஸ் குடும்பத்தில் ஒரே ஒரு பிறழ்வை நேராகத் தாக்கும் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 2021 வரை ஆயிற்று. 'நியூ' அப்படியில்லை, வெளியே நின்றது. அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளும் ஆய்வகக் குளிர்பெட்டியிலேயே இருந்தது. மருந்தின் முதல் வடிவம் கையில் இருந்தும் அதை மருந்தாகப் பார்க்கும் கண் அப்போது அங்கே யாருக்கும் இல்லை என்பதை இன்று படிக்கும்போது மனம் ஆறவில்லை.

அது ஏற்பிதான் என்று எப்படி உறுதியானது? இங்கே கோழி ஒன்று உதவிக்கு வந்தது. கோழிகளுக்கு ரத்தப் புற்றைத் தரும் ஒரு வைரஸில் 'எர்ப்-பி' என்றொரு மரபணு இருந்தது. 1984இல் லண்டனில் மைக்கேல் வாட்டர்ஃபீல்டும் குழுவினரும் மனித நஞ்சுக்கொடியிலிருந்தும் ஒரு புற்றுச் செல் வகையிலிருந்தும் ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியைப் பிரித்து, அதன் அமினோ அமில வரிசையின் துண்டுகளைப் படித்தார்கள். கணினியில் ஒப்பிட்டபோது அது எர்ப்-பியோடு பொருந்திப் போனது. கோழி வைரஸ் திருடி வைத்திருந்தது வளர்ச்சி ஏற்பியைத்தான், அதுவும் வெளிப்பகுதி வெட்டப்பட்ட ஏற்பியை. அதே ஆண்டு, 'நியூ' மரபணு இந்த எர்ப்-பிக்கு உறவு என்பதும் தெரியவந்தது.

இந்த ஏற்பியை வீட்டு வாசலில் உள்ள காலிங் பெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே யாராவது அழுத்தினால் உள்ளே ஒலிக்கும், செல் பிரியும். கோழி வைரஸில் பொத்தானே கழன்றுபோய், மணி தானாகவே ஓயாமல் அடித்தது. எலியின் 'நியூ'வில் பொத்தான் சரியாக இருந்தது, ஆனால் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தது. 1986இல் கார்னீலியா பார்க்மன் அதைக் கண்டுபிடித்தார். சவ்வுக்குள் புதைந்த பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. தனித்தனி எலிகளில் வந்த தனித்தனிக் கட்டிகளிலும் அதே எழுத்துதான். மனித மார்பகப் புற்றில் இந்த ஏற்பி காரணமாகும்போது நடப்பது பெரும்பாலும் மூன்றாவது வகை. மணியில் கோளாறு இருக்காது, ஒரே வாசலில் பல மடங்கு மணிகள் மாட்டப்பட்டிருக்கும். 17ஆவது குரோமோசோமில் இரண்டு பிரதிகள் இருக்க வேண்டிய மரபணு பல பிரதிகளாகப் பெருகிவிடுகிறது.

இன்று புதிதாக ஒரு மரபணு வரிசையைக் கையில் கொடுத்தால், அது இப்படிப்பட்ட மேற்பரப்பு ஏற்பிக்கானதா என்று பார்க்கத் தெளிவான அடையாளங்கள் உண்டு. தொடக்கத்தில், புரதத்தைச் சவ்வுக்கு அனுப்பும் ஒரு குறியீட்டுத் துண்டு. நடுவில் தண்ணீரை விலக்கும் இருபதுக்குச் சற்று மேற்பட்ட அமினோ அமிலங்கள். சவ்வைத் துளைத்து நிற்பது இது. உட்பகுதியில், மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றிவிடும் டைரோசின் கைனேஸ் பகுதி. இவை இருந்தும் போதாது. உயிருள்ள, உடைபடாத செல்லின் மேல் எதிர்ப்பொருள் போய் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் உறுதி. இந்த வழியில் கிட், மெட், ரெட், ஏ.எல்.கே., ட்ரக் என்று ஒரு பெரிய குடும்பமே வெளிச்சத்துக்கு வந்தது. ரெட் மரபணுவின் பிறழ்வு பரம்பரையாக வரும் குடும்பங்களில், தைராய்டு புற்று தொடங்கும் முன்பே குழந்தைகளைக் காப்பாற்ற முடிகிறது.

ஓர் உறைபெட்டியும் 189 கட்டிகளும்

கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இதுதான். 1985இல் ஜெனன்டெக் நிறுவனத்தில் ஆக்சல் உல்ரிக்கின் குழு, 'நியூ'வுக்கு மனிதனிடம் உள்ள இணை மரபணுவைப் பிரித்தெடுத்து ஹெர்-2 என்று பெயரிட்டது. மரபணு கையில் இருந்தது. அது எந்த நோய்க்குக் காரணம் என்பது தெரியவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் டென்னிஸ் ஸ்லேமன் என்ற மருத்துவரிடம் ஓர் உறைபெட்டி நிறையப் புற்றுக் கட்டிகள் சேமிப்பில் இருந்தன. உல்ரிக்கின் மரபணு, ஸ்லேமனின் கட்டிகள், இரண்டும் சந்தித்தன. 1987இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. பரிசோதித்த 189 மார்பகக் கட்டிகளில் 30 சதவீதத்தில் ஹெர்-2 பெருகியிருந்தது, அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. பின்னாளைய கணக்குகளில் இந்த அளவு 15 முதல் 20 சதவீதம் என்று நிலைபெற்றது.

கட்டிகள் மட்டும் இருந்து, அந்தப் பெண்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்ற குறிப்பு இல்லாமல் போயிருந்தால், அந்த உறைபெட்டியில் இருந்தது வெறும் சதை. ஒழுங்காக வைத்த திசுவும் ஒழுங்காக எழுதிய நோயாளி விவரமும் சேர்ந்த இடத்தில்தான் ஹெர்-2 ஒரு நோயின் பெயராக மாறியது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். சுண்டெலியின் எதிர்ப்பொருள் 1992இல் மனித உடலுக்கு ஏற்றபடி மாற்றப்பட்டது. 'டிராஸ்டுசுமாப்' என்று பெயர். 1998 செப்டம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. எலிக் கட்டியில் கண்டதிலிருந்து 16 ஆண்டுகள். ஹெர்-2 இருந்தால் நோய் மோசம் என்று எழுதப்பட்ட பெண்களுக்கு, ஹெர்-2 இருப்பதே சிகிச்சைக்கான வழியாயிற்று.

நம் ஊருக்கு அந்த மருந்து விலையால் எட்டாமல் பல ஆண்டுகள் நின்றது. 2014இல் பெங்களூரு பயோகான் நிறுவனம் உள்நாட்டு நிகர்மருந்தைக் கொண்டுவந்தபோது 440 மில்லிகிராம் குப்பியின் விலை 57,500 ரூபாய். அதுவே அப்போது குறைந்த விலை! 2015இல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது, விலைக்கு உச்சவரம்பு வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீதம் ஓராண்டு ஏற்றுவது வழக்கம். இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இடையிடையே எக்கோ எடுக்க வேண்டும். பிரிட்டனில் நடந்த பெர்செஃபோனி ஆய்வு 2019இல், தொடக்க நிலை நோயில் ஆறு மாதம் ஏற்றுவது ஓராண்டுக்கு அவ்வளவாகத் தாழ்ந்ததில்லை என்று காட்டியது. ஒவ்வோர் ஊசிக்கும் ஒருநாள் கூலியை விட்டு, சிதம்பரத்திலிருந்து 60, 70 கிலோமீட்டர் தாண்டிப் புதுச்சேரி ஜிப்மருக்கோ, 200 கிலோமீட்டருக்கும் மேல் தாண்டிச் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கோ பஸ் ஏறும் குடும்பத்துக்கு அந்த ஆறு மாதம் எவ்வளவு பெரியது என்பதை லண்டனில் இருப்பவர்களைவிட நாம் நன்றாக அறிவோம். எல்லோருக்கும் ஆறு மாதம் போதும் என்று இதற்குப் பொருளில்லை, முடிவு மருத்துவருடையது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

பழுப்புக் கோடு

ஹெர்-2 பரிசோதனை என்பது என்ன? வெட்டியெடுத்த கட்டி ஃபார்மலினில் ஊறுகிறது. பிறகு மெழுகில் பதிக்கப்பட்டு, விரல் நுனி அளவு கட்டையாகிறது. இதைத்தான் 'பிளாக்' என்கிறார்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தடிமனில் அதைச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றி, ஹெர்-2வைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஊற்றுகிறார்கள். அது ஒட்டிய இடம் பழுப்பாகும்படி ஒரு சாயம், உட்கருவுக்கு நீலச் சாயம். நுண்ணோக்கியில் பார்த்தால், ஏற்பி மிகுந்த கட்டியில் ஒவ்வொரு நீலப் புள்ளியையும் சுற்றி அழுத்தமான பழுப்புக் கோடு இடைவெளி இல்லாமல் ஓடும். பத்து சதவீதத்துக்கும் மேற்பட்ட செல்களில் அப்படி இருந்தால் '3+', ஹெர்-2 உண்டு. '0', '1+' என்றால் இல்லை என்று கொள்வது வழக்கம். கோடு முழுதாகச் சுற்றியும் வெளிறித் தெரிந்தால் '2+', அதாவது சந்தேகம். அப்போது ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனையில் மரபணுவின் பிரதிகளை நேராக எண்ண வேண்டும். இந்த 2+ இடத்தில்தான் பலர் நின்றுபோகிறார்கள். அடுத்த பரிசோதனைக்கு மறுபடி செலவு, மறுபடி அலைச்சல்.

இந்தப் பழுப்புக் கோட்டை நம்பலாமா என்பது ஆய்வகத்தில் முடிவாவதில்லை. அறுவை அரங்கின் வாசலிலேயே முடிவாகிவிடுகிறது. கட்டியை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். பெரிய கட்டியானால் உள்ளே திரவம் இறங்கும்படி கீற வேண்டும். பத்து சதவீத, நடுநிலைப்படுத்திய ஃபார்மலின் வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும். சின்ன ஊர் நர்சிங் ஹோமில் கட்டியை எடுத்து, கிடைத்த பாட்டிலில், கிடைத்த திரவத்தில் போட்டு, வீட்டுக்காரர் கையில் கொடுத்து, 'நாளைக்கு லேபில் கொடுத்துடுங்க' என்று அனுப்பினால் ஏற்பி சிதைந்துபோகலாம். இருக்கும் ஹெர்-2 இல்லை என்று அறிக்கை வரக்கூடும். லட்சக்கணக்கில் மதிப்புள்ள மருந்தும் நாற்பதாண்டு அறிவியலும் ஐம்பது ரூபாய் ஃபார்மலினில் தவறிப் போகின்றன. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று கண்டறியப்படுவதாக 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கீடு சொல்கிறது. அவ்வளவு கட்டிகளில் எத்தனை சரியான பாட்டிலில் விழுந்தன என்று கேட்க வேண்டாமா?

அண்ணாமலைநகரில்

1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறைக்குப் புற்றுநோய் ஆய்வில் நெடிய வரலாறு உண்டு. ஹாம்ஸ்டர் என்ற சிறு விலங்குக்குக் கன்னத்தில் தீனியைச் சேமிக்க ஒரு பை இருக்கிறது. டி.எம்.பி.ஏ. என்ற ரசாயனத்தை அந்தக் கன்னப் பையில் வாரம் மூன்று முறை தடவினால், 14 வாரத்தில் மனித வாய்ப்புற்றை ஒத்த கட்டி வளரும். வெற்றிலை, புகையிலை, போயிலைத்தூள் என்று வாய்ப்புற்றுக்கு வாசல் திறந்து வைத்திருக்கும் மாவட்டத்துக்குப் பொருத்தமான ஆய்வு இது. பேராசிரியர் எஸ். நாகினியும் அவர் மாணவர்களும் இந்த மாதிரியில் வேம்பின் நிம்போலைடு, அசாடிராக்டின் போன்ற பொருள்களை ஆராய்ந்து உலக இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். பேராசிரியர் எஸ். மனோகரனும் இதே மாதிரியில் உழைத்தவர். நாகினி குழுவின் 2018ஆம் ஆண்டுக் கட்டுரை, பி.ஐ.3.கே., ஏ.கே.டி. என்ற புரதங்களின் தொடரை நிம்போலைடு எப்படி மாற்றுகிறது என்பதைப் பற்றியது. அந்தத் தொடர் என்ன தெரியுமா? ஈ.ஜி.எஃப். ஏற்பியும் ஹெர்-2வும் செல்லுக்குள் அனுப்பும் செய்தி பயணிக்கும் பாதை.

இதைப் படித்துவிட்டு யாரும் வேப்பிலைச் சாறு குடித்துக் கீமோவை நிறுத்திவிடக் கூடாது. அந்த முடிவுகள் விலங்கிலும், தட்டில் வளர்த்த செல்லிலும் கிடைத்தவை. நோயாளிக்கு மருந்து என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை.

வாய்ப்புற்றில் ஈ.ஜி.எஃப். ஏற்பி மிகுந்திருப்பது பரவலாகக் காணப்படுவது. அதைத் தாக்கும் நிமோடுசுமாப் என்ற எதிர்ப்பொருளைக் கியூபாவோடு சேர்ந்து பயோகான் 2006இலேயே இந்தியாவில் கொண்டுவந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 536 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு, கீமோவும் கரண்ட் வைத்தியமும் (கதிர்வீச்சு) கொடுக்கும்போது இதையும் சேர்த்தால் நோய் திரும்பாமல் இருக்கும் காலம் கூடுகிறது என்று 2019இல் காட்டியது. அந்தப் பாதையை விலங்கில் அறிந்த துறை இங்கே இருக்கிறது. அதன் பக்கத்திலேயே, 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக மாறியுள்ள மருத்துவமனையும் இருக்கிறது. காட்டுமன்னார்கோவில், பரங்கிப்பேட்டை, சேத்தியாத்தோப்பு வரை மக்கள் நாடி வரும் இடம்.

ஆய்வுத் துறை ஒரு பக்கம், நோயாளி ஒரு பக்கம். லாஸ் ஏஞ்சலிஸில் சந்தித்தவை இவைதான். அண்ணாமலைநகரில் ஒரு திசு வங்கி அமைய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை. மாவட்டத்தில் எடுக்கப்படும் ஒவ்வொரு மார்பக, வாய், இரைப்பைக் கட்டியும் நோயாளியின் ஒப்புதலோடு முறையாகப் பதப்படுத்தப்பட வேண்டும். ஏற்பிப் பரிசோதனை கட்டணமில்லாமல் நடக்க வேண்டும். ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து அவருக்கு என்ன ஆயிற்று என்ற குறிப்பு அதோடு சேர வேண்டும். 2012 முதல் தமிழ்நாடு முழுவதையும் உள்ளடக்கிய புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பொறுப்பில் நடந்துவருகிறது. அதோடு இணைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கடலூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. புற்றுநோய் என்றதும் இங்கே பேச்சு சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டைக்குத் திரும்பும். அதை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் துர்நாற்றத்தோடு வாழ்ந்தவர்கள். 2004இல் ஊர்க்காரர்களே காற்றைப் பையில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றை உண்டாக்கக்கூடிய ரசாயனங்கள் அதில் இருந்தது தெரிந்தது. ரசாயனம் ஒரு மரபணுவின் ஒற்றை எழுத்தை மாற்றி ஏற்பியைப் புற்றாக்க முடியும் என்பதை எலிகளின் 'நியூ' ஐயமின்றிக் காட்டியிருக்கிறது. ஆனால் இந்த ஊரில் இந்த மனிதருக்கு வந்த கட்டிக்கு அந்தப் புகைதான் காரணமா என்பதை எலியை வைத்துச் சொல்ல முடியாது. அவருடைய கட்டியை, பலருடைய கட்டிகளை, ஆண்டுக்கணக்கில் சேர்த்துப் படித்தால்தான் பதில் நெருங்கும். கட்டிகள் குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கும்வரை, ஆலைக்காரர்கள் ஆதாரம் எங்கே என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

திசு வங்கி வரும்வரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அறுவைக்கு முன்பே, கட்டியை எந்த ஃபார்மலினில், எவ்வளவு நேரத்துக்குள் போடுவார்கள் என்று கேளுங்கள். சதை டெஸ்ட் அறிக்கை வந்ததும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 பார்த்தாயிற்றா, இரைப்பைப் புற்று முற்றியிருந்தால் அதிலும் ஹெர்-2 பார்த்தீர்களா என்று கேளுங்கள். 2+ என்று இருந்தால் ஃபிஷ் எப்போது என்று கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் பரிசோதனையும் மருந்தும் அதில் அடங்குமா என்று மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் விசாரியுங்கள். ஜிப்மருக்கோ அடையாறுக்கோ போகும்போது அறிக்கையோடு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, வெயில் படாமல் எடுத்துப் போங்கள். மறுபடி சதை எடுக்காமலே அங்கே அந்தப் பிளாக்கிலிருந்து பரிசோதனையைத் திரும்பச் செய்துபார்க்க முடியும்.